நாற்பத்தெட்டு மில்லிமீட்டர்

ஜூன் 5, திங்கள்

ஆய்வேடு நூற்று நாற்பத்திரண்டு பக்கத்தில் வந்து நிற்கிறது. ஒப்படைக்கக் கடைசி நாள் ஜூலை 10. இது மூன்றாவது நீட்டிப்பு. இதற்கு மேல் கிடையாது, பதிவே ரத்து என்று பல்கலைக்கழகக் கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இந்தக் கல்வியாண்டுக்குள் பிஎச்.டி. முடிக்காதவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று எங்கள் கல்லூரி நிர்வாகமும் சுற்றறிக்கை விட்டுவிட்டது. ஆக இரண்டு பக்கமும் அடைத்தாயிற்று. அதனால்தான் இந்த நோட்டு. எங்கேயாவது கொட்டாவிட்டால் வகுப்பில் பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறேன்.

எட்டு வருஷமாக அப்படி என்னதான் படிக்கிறீர்கள் என்று எதிர்வீட்டு விமலா போன வாரம் கேட்டாள். சொன்னேன். வயர்லெஸ் கருவிகளுக்குள் உட்காரும் ஒரு வடிகட்டி. ஐந்து சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு செம்புப் பட்டை, ஓரிடத்தில் அகலமாக, ஓரிடத்தில் ஒல்லியாக. 2.5 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளைப் போக விடும், அதற்கு மேல் வருவதை நிறுத்திவிடும். எங்கே எவ்வளவு அகலம், எவ்வளவு நீளம் என்பதுதான் ஆராய்ச்சி. "இத்துனூண்டுக்கா எட்டு வருசம்?" என்றாள். எனக்கும் அதே சந்தேகம்தான்.

இன்று ஒரு மெயில் வந்தது. நாகர்கோவில் பக்கம் எம்.இ. கடைசிப் பருவம் படிக்கும் பெனிட்டா என்ற பெண். நான் 2020இல் வெளியிட்ட கட்டுரையைப் பார்த்து, இரண்டாம் அட்டவணையில் உள்ள அளவுகளின்படி என் வடிகட்டியை மூன்று முறை செய்திருக்கிறாளாம். மூன்றும் 2.6 கிகாவில்தான் நிற்கிறதாம். கட்டுரையில் 2.5 என்று இருக்கிறதே, நான் எங்கே தப்புச் செய்கிறேன் மேடம் என்று கேட்டிருக்கிறாள். என் கட்டுரையை ஓர் ஆள் அட்டவணை வரைக்கும் படித்திருக்கிறாள். சந்தோஷம்தான். கனெக்டர் சால்டரிங்கைப் பார், அளக்கும் கருவியைச் சரியாகக் கேலிப்ரேட் செய் என்று பதில் போட்டேன்.

ஜூன் 8, வியாழன்

அட்மிஷன் டூட்டி. ராசிபுரம் பக்கம் ஏழு ஊர். பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் வீட்டுக் கதவைத் தட்டி எங்கள் கல்லூரிக்கு வாருங்கள் என்று கும்பிடு போட வேண்டும். ஒரு அம்மா வாசலிலேயே நிற்க வைத்து, "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்றார். எம்.இ. என்றேன். "படிச்சும் வெயில்ல அலையோணுமா?" என்றார். தண்ணீர் கொடுத்தார். நல்ல மனுஷி.

ஜூன் 12, திங்கள்

பெனிட்டா போனில் வந்துவிட்டாள். கல்லூரி இணையதளத்தில் என் நம்பரை எடுத்தாளாம்.

"தொந்தரவுக்கு மன்னிச்சுக்கிடுங்க மேடம். நீங்க சொன்னதெல்லாம் செஞ்சிட்டேன். கனெக்டர் புதுசு மாத்தினேன். கேலிப்ரேஷன் ரெண்டு வாட்டி செஞ்சேன். அளக்கதுக்குத் திருவனந்தபுரந்தான் போணும், ரெண்டு வாட்டி போய்ட்டு வந்தேன். மொத்தம் அஞ்சு போர்டு போட்டாச்சு. அதே 2.6 மேடம்."

"உங்க சார் என்ன சொல்றார்மா?"

"அவங்க செஞ்சு காட்டிப் பேப்பரே போட்டுட்டாங்க, ஒனக்குத்தான் வேல சுத்தமில்லங்காரு. கிளாஸ்ல எல்லாரு முன்னாலயும் சொன்னாரு. ஜூலை ஆறு வைவா. ரிசல்ட் சேரலன்னா இன்னொரு செமஸ்டர் இருக்கணும்."

போர்டு செய்யும் பலகையில் கம்பெனிக்குக் கம்பெனி உள்ளே இருக்கும் பொருள் மாறும், அதனால் எண் தள்ளிப் போகலாம், வேறு கம்பெனிப் பலகை வாங்கிப் பார் என்றேன். குறித்துக்கொண்டாள், எழுதுகிற சத்தம் கேட்டது. நான் சொன்னது பொய்யில்லை. பலகை மாறினால் எண் மாறும்தான்.

ஜூன் 13, செவ்வாய்

தலைவலி. பக்க எண்கள் சரி செய்தேன்.

ஜூன் 16, வெள்ளி

ஐந்தாம் அத்தியாயத்தை இன்று மறுபடி வாசித்தேன். அதில்தான் அளந்த முடிவு இருக்கிறது. படம் 5.7: கம்ப்யூட்டர் சொன்ன கோடு ஒன்று, நிஜப் போர்டை அளந்த கோடு ஒன்று. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படுத்திருக்கும். என் வழிகாட்டி ஞானசேகரன் சார் யார் வந்தாலும் அந்தப் பக்கத்தைத்தான் திறந்து காட்டுவார்.

2020 பிப்ரவரியில் திருச்சியில் அளந்தது. அந்தக் கருவி எங்கள் கல்லூரியில் இல்லை, அதன் விலைக்கு இங்கே ஒரு கட்டடமே கட்டிவிடுவார்கள். ஆறு வாரம் காத்திருந்து இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். காலையில் நான்கரை பஸ். போர்டை மாட்டி அளந்து, ஃபைலைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு திரும்பினேன். திரும்ப ஒருமுறை போகலாமென்றால் அடுத்த மாதமே கொரோனா ஊரைப் பூட்டிவிட்டது. "ரெண்டு கோடும் ஒட்டி வரணும்மா, இல்லேன்னா ரிவ்யூவர் விட மாட்டான்" என்றார் சார். அப்புறம் கிராஃபில் ஒரு சின்னத் திருத்தம் செய்ததுதான். எல்லோரும் செய்வது.

இன்று ஏன் இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை. குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு வந்தேன், விசில் எத்தனை என்று எண்ண மறந்துவிட்டேன். பருப்பு கரைந்து தண்ணீராகிவிட்டது. என் கணவர் ரகு அதையே ஊற்றிச் சாப்பிட்டார். மின்வாரியத்தில் வேலை பார்க்கிறவருக்குப் பொறுமை அதிகம்.

ஜூன் 19, திங்கள்



லேப் அலமாரியில் என் பழைய போர்டைத் தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் லேப் டெக்னீஷியன் பழனிச்சாமி அண்ணன் ஒரு மிட்டாய் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கு அந்தப் போர்டை இரண்டு பேரும் சேர்ந்துதான் செய்தோம். பளபளப்புத் தாளில் லேசர் பிரிண்ட் எடுத்து, செம்புத் தகட்டின்மேல் கவிழ்த்து இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் கறுப்பு மை தகட்டில் ஒட்டிக்கொள்ளும். பிறகு கரைசலில் ஊறவைத்தால் மை இல்லாத செம்பெல்லாம் கரைந்து போகும். மிச்சமிருப்பது வடிகட்டி. எங்களைப் போன்ற கல்லூரிகளில் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்.

அண்ணன் சும்மா இருக்காமல் வெர்னியரை எடுத்து அளந்தார்.

"ஏனுங் மேடம், இது அம்பது இருக்கோணும்ல? நாப்பத்தெட்டுதானுங்க இருக்குது."

நான் வாங்கி அளந்தேன். நாற்பத்தெட்டு. அகலங்களையும் அளந்தேன். எல்லாமே நூற்றுக்கு நான்கு குறைவு. அண்ணன் லேப் கம்ப்யூட்டரைத் திறந்து ஏதோ ஒரு ஃபைலை பிரிண்ட் கொடுத்துக் காட்டினார். பக்கத்துக்குப் பொருத்து என்று ஒரு கட்டத்தில் தானாகவே டிக் விழுந்திருக்கிறது. ஓரம் வெட்டுப்படாமல் இருக்க, பிரிண்டர் படத்தைக் கொஞ்சம் சுருக்கிவிடுகிறது. ஹால் டிக்கெட்டுக்கும் மார்க் ஷீட்டுக்கும் அது நல்லது. எங்கள் வேலைக்கு விஷம். வடிகட்டி நூற்றுக்கு நான்கு சுருங்கினால் அது நிறுத்தும் எண் நூற்றுக்கு நான்கு ஏறும். 2.5, 2.6 ஆகும்.

மூன்றரை வருஷம். யாரும் ஸ்கேல் வைத்து அளந்து பார்க்கவில்லை. லட்சக்கணக்கான ரூபாய்க் கருவியில் அளந்தோம், பத்து ரூபாய் ஸ்கேலில் அளக்கவில்லை.

இனி மறைக்க என்ன இருக்கிறது. அன்றைக்குத் திருச்சியில் எனக்கும் 2.6தான் வந்தது. அந்தச் சின்னத் திருத்தம் என்னவென்றால், எக்செல்லில் இருநூற்றொரு எண்கள் உள்ள ஒரு வரிசையில் ஒவ்வொன்றிலிருந்தும் 0.1 கழித்தேன். இயல்பாகத் தெரியட்டும் என்று இரண்டு இடத்தில் கோட்டைக் கொஞ்சம் நெளித்தும் விட்டேன். பத்து நிமிஷ வேலை. என் கணக்கு தப்பு, என் டிசைன் தப்பு, மறைத்தாக வேண்டும் என்று நினைத்துச் செய்தேன். டிசைன் சரியாகத்தான் இருந்திருக்கிறது. பிரிண்டர்தான் தப்பு. நான் சொன்ன பொய் தேவையே இல்லாத பொய். லேப் பாத்ரூமுக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன். சந்தோஷமா துக்கமா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

உடனே பெனிட்டாவைக் கூப்பிட்டு, போர்டின் நீளத்தை ஸ்கேல் வைத்து அளந்து சொல் என்றேன். லைனிலேயே அளந்தாள்.

"நாப்பத்தெட்டு மேடம். அஞ்சும் நாப்பத்தெட்டு! எப்டி மேடம் கண்டுபிடிச்சிய?"

"அனுபவம்தான்மா" என்றேன்.

ஜூன் 24, சனி

பெனிட்டாவின் ஆறாவது போர்டு. ஐம்பது மில்லிமீட்டர். மூன்றாவது தடவையாகத் திருவனந்தபுரம் போய் அளந்திருக்கிறாள். 2.5. கோட்டின் படத்தை அனுப்பி அதன்கீழே பதினொரு கைகூப்பல் போட்டிருந்தாள். ஒங்க பேப்பர் நூறு சதவீதம் சரி மேடம், நன்றியுரையில் ஒங்க பேருதான் மொதல்ல என்று எழுதியிருந்தாள்.

சாரிடம் சொன்னேன். அவருக்குத் தலைகால் புரியவில்லை. "வேற யூனிவர்சிட்டில ஒரு ஸ்டூடண்ட் செஞ்சு பார்த்து ஒத்துப் போயிருக்குன்னா இதைவிட என்னம்மா வேணும்? அஞ்சாம் அத்தியாயத்துல ஒரு பாரா சேருங்க." சேர்த்தேன். பைண்டிங் கடையில் சிவப்பு அட்டை சொல்லியாயிற்று. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மூன்று மணி நேரம் அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன். இப்படித் தூங்கி எத்தனை மாதம் ஆயிற்று.

ஜூன் 27, செவ்வாய்

மறுபடி மெயில். அப்படியே எழுதி வைக்கிறேன்.

"மேடம், என் ரிப்போர்ட்டில் ஒங்க போர்டு ஃபோட்டோவையும் என் போர்டு ஃபோட்டோவையும் பக்கத்துல பக்கத்துல போடலாம்னு நெனச்சேன். ஒங்க ஃபோட்டோவுல அளவு தெரியதுக்கு அஞ்சு ரூபா காசு வச்சிருக்கீங்க. அந்தக் காசு குறுக்கே 23 மில்லிமீட்டர். அத வச்சு ஒங்க போர்ட அளந்தா 48தான் வருது. என் பழைய போர்டு மாதிரியே. எனக்கு 48க்கு 2.6 வந்துச்சு. ஒங்களுக்கு 48க்கு எப்படி 2.5 வந்துச்சுன்னு புரியல. நான்தான் தப்பா அளந்திருப்பேன். எனக்கு எப்பவும் இப்டித்தான். முடிஞ்சா நீங்க அளந்த ஒரிஜினல் ஃபைல அனுப்புவீங்களா மேடம்? அத வச்சு நானே என் தப்ப பாத்துக்கிடுதேன்."

போர்டை ஃபோட்டோ எடுக்கும்போது பக்கத்தில் ஒரு நாணயம் வைப்பது எங்கள் வழக்கம். எல்லாக் கட்டுரையிலும் இருக்கும். அந்த நாணயத்தை வைத்து எவரும் எதையும் அளந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஜூன் 28, புதன்

ரகுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கழித்தது, நெளித்தது, எல்லாம். கேட்டுக்கொண்டே சட்டைக்குப் பட்டன் தைத்தார். "இதுக்கா இவ்வளவு? ஃபோட்டோல இருக்கறது வேற போர்டு, மாத்திப் போட்டுட்டோம்னு சொல்லிரு. முடிஞ்சுது."

சாரிடமும் பாதி சொன்னேன். அவரும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் நல்ல வார்த்தைகளில். முதலில் செய்த மாதிரிப் போர்டின் படம் தவறுதலாக அச்சாகிவிட்டது என்று எழுதச் சொன்னார்.

அப்படியே ஒரு பதில் எழுதி வைத்திருக்கிறேன். நான்கு வரி. படித்தால் நம்பும்படிதான் இருக்கிறது. அனுப்பவில்லை.

ஜூன் 30, வெள்ளி

அனுப்பவில்லை. உள் மதிப்பெண் பட்டியல், ஃபைல் வேலை. கால் வீங்கியிருக்கிறது.

ஜூலை 3, திங்கள்

பெனிட்டாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தி. நான்கு தடவை கேட்டேன்.

"மேடம், அந்த மெயிலுக்குப் பதில் போட வேண்டாம். எங்க சார் பாத்துட்டு ரொம்ப சத்தம் போட்டாரு. பெரியவங்க பேப்பர காசு வச்சு அளக்கியா, இதாட்டி ஒன் ஆராய்ச்சின்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சிட்டாங்க. நான் அந்தப் பக்கத்த எடுத்துட்டேன். ஒங்களுக்குக் கோவம்னு நெனக்கேன், அதான் பதில் போடல. மன்னிச்சிருங்க மேடம். இனிமே இப்டிச் செய்யமாட்டேன்."

அவள் சரியாக அளந்தாள். ஐந்து போர்டையும் சரியாக அளந்தாள், காசை வைத்தும் சரியாக அளந்தாள். அவளைச் சுற்றி இருக்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்து அவள் கண்ணை அவளே நம்பாதபடி செய்துகொண்டிருக்கிறோம். அதில் முதல் ஆள் நான். மன்னிப்பு வேறு கேட்கிறாள். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

ஜூலை 5, புதன்

நாளை அவளுக்கு வைவா. காலை பதினொன்றுக்கு அனுப்பினேன். 2020 பிப்ரவரியில் திருச்சியில் அளந்த ஃபைல், யார் கையும் படாத அசல். கூடவே இது:

"பெனிட்டா, நீ காசை வைத்து அளந்தது சரி. என் போர்டும் 48தான். எனக்கும் 2.6தான் வந்தது. கட்டுரையில் உள்ள கோடு நான் எண்ணை மாற்றிப் போட்டது. தப்பு உன்னுடையது இல்லை. நீ எடுத்துவிட்ட பக்கத்தைத் திரும்பச் சேர்த்துக்கொள். யார் கேட்டாலும் இந்த மெயிலைக் காட்டு."

பிறகு சாரின் அறைக்குப் போனேன். ஆய்வேட்டில் படம் 5.7ஐ எடுக்கப் போகிறேன், ஐம்பது மில்லிமீட்டரில் புதுப் போர்டு செய்து நானே அளந்து போடப் போகிறேன், பத்திரிகைக்கும் திருத்தக் கடிதம் எழுதப் போகிறேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"திருச்சியில ஸ்லாட் கிடைக்க ஆறு வாரம் ஆகும். உங்களுக்கு இருக்கறது அஞ்சு நாள்."

"தெரியும் சார்."

"ரிசல்ட் சரின்னு அந்தப் பொண்ணே செஞ்சு காட்டிடுச்சு. சரியான ரிசல்ட்டுக்கு எதுக்கும்மா மன்னிப்பு?"

"ரிசல்ட் சரிதான் சார். நான் அதை அளக்கலை."

"என் பேரும் அந்தப் பேப்பர்ல இருக்கு" என்றார். குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. அவருக்கு ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம். எழுந்து வந்துவிட்டேன். சிவப்பு அட்டை வேண்டாம் என்று பைண்டிங் கடைக்குப் போன் செய்தேன். அட்டை வெட்டியாயிற்றே என்றார் கடைக்காரர். வைத்திருங்கள் என்றேன்.

ஜூலை 6, வியாழன்

பத்திரிகைக்குக் கடிதம் போய்விட்டது. பெனிட்டாவிடமிருந்து ஒன்றும் இல்லை. மெயிலைப் பார்த்தாளா என்றும் தெரியவில்லை.

ஜூலை 7, வெள்ளி

ஒன்றும் இல்லை. ரகு இரண்டு நாளாக என்னிடம் சரியாகப் பேசவில்லை. "எட்டு வருசம் நானும்தானே கூட இருந்தேன்" என்று மட்டும் சொன்னார். அது நியாயம்தான். ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் தூக்கிக் கொடுத்தவர்.

ஜூலை 10, திங்கள்

கடைசி நாள். ஒப்படைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதி, ஆறு மாதம் கேட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் அனுப்பினேன். அவர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்கே தெரியும். மூன்றாம் ஆண்டுக்கு இரண்டு வகுப்பு எடுத்தேன். பழனிச்சாமி அண்ணன் லேப் கம்ப்யூட்டர்மேல் "நூறு சதவீதம் வைத்து பிரிண்ட் எடுக்கவும்" என்று தாள் ஒட்டிக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்குப் பெனிட்டா கூப்பிட்டாள்.

"வைவா முடிஞ்சிட்டு மேடம். பாஸ்."

"ரொம்ப சந்தோஷம்மா."

"அந்தப் பக்கத்தத் திரும்பச் சேத்தேன். வெளியேருந்து வந்த சார் அதத்தான் ரொம்ப நேரம் கேட்டாரு. எங்க சார் ஒண்ணும் பேசல." பிறகு, "ஒண்ணு கேக்கட்டா மேடம்?"

"கேளும்மா."

"ஜூன் மாசம் நான் மொதமொத மெயில் போட்டேன்லா. அப்பவே ஒங்களுக்குத் தெரியுமா?"

பிரிண்டர்தான் காரணம் என்பது பத்தொன்பதாம் தேதிதான் தெரிந்தது. அதைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். அது பொய்யாகவும் இருந்திருக்காது.

"ஏன்னு தெரியாதும்மா. ஆனா எனக்கும் 2.6தான் வந்துச்சுன்னு தெரியும். உன் மெயில்ல அந்த எண்ணைப் பார்த்ததுமே தெரியும்."

"அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா..." என்றாள். "சரி மேடம், வைக்கேன்."

வைத்துவிட்டாள்.

ஜூன் 5ஆம் தேதி அந்த மெயிலைப் படித்தபோது எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, பயம். பிறகு கனெக்டரைப் பார், கேலிப்ரேஷனைப் பார் என்று எழுதி அனுப்பினேன். வேறு யாரும் படிக்காத இந்த நோட்டில்கூட, அன்றைக்கு அதை நான் எழுதவில்லை.